சிறு எஞ்சின்களின் சிலிண்டருக்கு ஏற்ற ஹோன் எது?

முக்கொம்பில் காவிரி இரு கிளையாகப் பிரிந்து, வடகிளை கொள்ளிடம் என்றும் தென்கிளை காவிரி என்றும் பெயர் பெற்றுச் செல்கின்றது. இவ்விரண்டிற்கும் நடுவே கிடப்பது ஸ்ரீரங்கம் தீவு. அத்தீவின் கீழ்ப்புறத்தில் உத்தமர்சீலி, கிளிக்கூடு முதலிய கிராமங்களிலும், காவிரியின் தென்கரையில் முத்தரசநல்லூர், ஜீயபுரம், அந்தநல்லூர் பக்கங்களிலும் வாழை பெருவாரியாகப் பயிராகின்றது. வாழை தாகம் பொறுக்காத பயிர். குலை தள்ளும் சமயத்தில் இரண்டு பாய்ச்சல் தவறிவிட்டால், பிறகு எத்தனை எரு இட்டாலும் காய் தேறாது.

மேட்டூர் அணை 1934-ஆம் வருஷம் கட்டி முடிந்தது. ஜூன் 12-ஆம் தேதி அணை திறப்பது வழக்கமாக இருப்பினும், 2012, 2016, 2017 ஆகிய வருஷங்களில் பாசனத்திற்காகத் திறக்கச் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் ஆகிவிட்டன. இத்தகைய வருஷங்களில் நாற்றங்காலும் வாழைத் தோட்டமும் நிலத்தடி நீரையே நம்பி நிற்கின்றன. விவசாயப் பம்புகளுக்கு 1990 முதல் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைப்பதால், இணைப்புப் பெற்றவர்கள் மோட்டாருக்கு மாறிவிட்டனர். எனினும், இணைப்பிற்குக் காத்திருப்போரும், வாய்க்காலிலிருந்து இறைத்துப் பாய்ச்சுவோரும் இன்றும் டீசல் எஞ்சினையே கொண்டு வேலை செய்கின்றனர். பவர் டில்லரும் களையெடுக்கும் யந்திரமும் விசைத் தெளிப்பானும் சிறு எஞ்சினாலேயே ஓடுகின்றன. ஆகவே அவ்வெஞ்சினின் சிலிண்டரைப் பற்றிய விஷயம் பட்டறைக்காரருக்கு மட்டும் உரியதன்று, குடியானவருக்கும் உரியது.

எஞ்சின் நீலப்புகை கக்குகிறது, எண்ணெய் குடிக்கிறது, கைப்பிடி போட்டுச் சுழற்றினால் முன்போல் எதிர்த்து நிற்கவில்லை என்று குடியானவர் பட்டறைக்குப் போனால், “ஹோன் போட்டு ரிங் மாற்றிவிடலாம்” என்னும் விடை எளிதாகக் கிடைக்கும். எந்த ஹோன், எதற்காக, அளவெடுத்த பிறகா முன்பா என்று கேட்போர் அரியர். இந்தக் கேள்வியைக் கேளாமையால், இன்னும் பல வருஷம் உழைக்க வேண்டிய சிலிண்டர்கள் ஓரிரு பருவத்திற்குள் ரீபோருக்கு வந்துவிடுகின்றன.

மெருகு உண்டாகும் விதம்

புதிய சிலிண்டரின் உட்சுவரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் மெல்லிய கீறல்கள் தெரியும். ஒவ்வொரு கீறலின் ஆழமும் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டதில் சில பங்கே ஆகும். அவற்றில் எண்ணெய் தங்குகின்றது. அவற்றின் மேட்டு விளிம்புகளில் உராய்ந்தே புதிய பிஸ்டன் ரிங்குகள் சுவரோடு ஒட்டிப் பதிகின்றன. நாளடைவில் இக்கீறல்கள் தேய்ந்து மறைவதோடு, எண்ணெய் கருகிய மெல்லிய படலமும் சுவரில் ஒட்டிக்கொள்கின்றது. அப்போது சுவர் கண்ணாடிபோல் மினுங்கும். இதுவே மெருகு எனப்படுவது. மெருகேறிய சுவரில் புதிய ரிங் பதியாது. வெடிக்கும் வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும். கீழுள்ள எண்ணெய் மேலேறி எரியும்.

மெருகு ஏறுவதற்கு முக்கிய காரணம், எஞ்சின் தன் சக்திக்கு மிகக் குறைந்த வேலையை நெடுநேரம் செய்வதாகும். ஸ்ரீரங்கம் தீவில் நீர்மட்டம் ஆழமில்லாதது. ஐந்து குதிரைத் திறனுள்ள எஞ்சினைக் கொண்டு சில அடி உயரத்திற்கே நீர் இறைக்கும்போது, எஞ்சின் பாதிச் சுமைகூட இன்றி நாள் முழுவதும் ஓடும். சிலிண்டர் போதிய சூடு பெறாது. ரிங்கைச் சுவரோடு அழுத்த வேண்டிய வாயுவின் அழுத்தமும் குறையும். எஞ்சினுக்குச் சுமை குறைவாயிருப்பது அதற்கு நன்மை என்று எண்ணுவது பொதுவான தவறு.

ஹோன் எடுக்குமுன் அளவு எடுக்க

நீலப்புகைக்கெல்லாம் மெருகே காரணம் என்று கொள்ளுதல் கூடாது. எண்ணெய்க் குளியல் காற்று வடிகட்டியில் குறித்த கோட்டிற்கு மேல் எண்ணெய் ஊற்றியிருந்தாலும், வால்வு ஓடும் துளை தேய்ந்திருந்தாலும் நீலப்புகை வரும். சிலிண்டருக்குள் சிறிதளவு எண்ணெய் விட்டுக் கையால் சுழற்றிப் பார்த்தால், எதிர்ப்பு அதிகரிக்குமாயின் குற்றம் ரிங்கிலோ சுவரிலோ உள்ளது. அதிகரிக்காவிடில் வால்வுகளைப் பரிசோதிக்க வேண்டும். எண்ணெயை ஒரு கரண்டியினும் குறைவாகவே விட வேண்டும். மிகுதியாக விட்டால், அழுந்தாத எண்ணெய் பிஸ்டனைத் தடுத்து யந்திரத்திற்குச் சேதம் விளைவிக்கும்.

அடுத்துச் சிலிண்டரின் தேய்மானத்தை அளத்தல் வேண்டும். உள்விட்டம் அளக்கும் டயல் கேஜ் உள்ள பட்டறையில், மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில், ஒவ்வோரிடத்திலும் ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசைகளில் அளப்பது முறை. அக்கருவி இல்லாத இடத்தில் வேறு வழியும் உண்டு. புதிய ரிங் ஒன்றைச் சிலிண்டருக்குள் இட்டு, பிஸ்டனின் தலையால் சமமாகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு இடையேயுள்ள சந்தை ஃபீலர் கேஜால் அளக்க. ரிங் ஓடித் தேய்ந்த மேற்பகுதியில் ஒரு முறையும், தேயாத அடிப்பகுதியில் ஒரு முறையும் அளந்து, இரண்டிற்கும் உள்ள வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால், விட்டத்தில் உள்ள வித்தியாசம் கிடைக்கும். சந்து அடியில் 0.30 மில்லிமீட்டரும் மேலே 0.60 மில்லிமீட்டரும் இருக்குமாயின், மேற்பகுதி ஏறக்குறைய பத்தில் ஒரு மில்லிமீட்டர் அகன்றுள்ளது என்று அறியலாம். இவ்வளவை எஞ்சினின் கைப்புத்தகம் கூறும் எல்லையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லைக்கு உட்பட்டிருந்தால் மெருகை நீக்கிப் புதிய ரிங் இடலாம். எல்லை கடந்திருந்தால் ரீபோர் செய்ய வேண்டும். லைனரைக் கழற்றும் அமைப்பாயின் லைனரையே மாற்ற வேண்டும். எல்லை கடந்த சிலிண்டரை எந்த ஹோனும் குணப்படுத்தாது. மேலும், ரிங் ஏறும் எல்லைக்கு மேல் தேயாமல் நிற்கும் விளிம்பு கைநகத்திற்குத் தட்டுப்படுமாயின், அதனை அதற்குரிய கருவியால் முதலில் நீக்க வேண்டும். இல்லாவிடில் புதிய மேல்ரிங் அதில் மோதி முறியும்.

மூவகைக் கருவிகள்

முதலாவது, மூன்றுகால் ஹோன். வில்லால் விரியும் மூன்று கால்களின் நுனியில் நீண்ட சாணைக்கற்கள் பொருத்தப்பட்டிருக்கும். கால்களை விரித்தும் சுருக்கியும் பல விட்டங்களுக்கு ஒரே கருவியை உபயோகிக்கலாம். கல் தேய்ந்தால் கல்லை மட்டும் மாற்றலாம். பட்டறைக்காரர் இதனை விரும்புவது இக்காரணங்களால்தான். அவ்விருப்பம் நியாயமற்றதன்று. ஆனால் கல்லின் முனை சிலிண்டரின் அடியில் அதிகமாக வெளிப்பட்டால், கால் விரிந்து கிராங்கு அறையின் சுவரில் மோதி ஒடியும். சுவரில் துளைகள் உள்ள இரண்டு-வீச்சு எஞ்சினில் கல் துளையின் விளிம்பில் சிக்கும். கல் ஒருபுறம் தேய்ந்திருந்தால், ஓரிடத்தில் ஆழமாகவும் வேறிடத்தில் படாமலும் கீறும்.

இரண்டாவது, உருண்டை ஹோன். பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் ஒவ்வொரு மயிர் முனையிலும் ஒரு சிறு சாணை உருண்டையை ஒட்டியது போன்றது இது. ஒவ்வோர் உருண்டையும் தனித்தனியே வளைந்து கொடுப்பதால் சுவரின் எல்லா இடத்தையும் தொடும். துளைகளையும் சிக்காமல் கடக்கும். உலோகத்தை மிகச் சொற்பமாகவே எடுக்கும். ஆனால் ஒரு விட்டத்திற்கு ஒரு ஹோன் வேண்டும். ஐந்து குதிரைத் திறனுள்ள கிர்லோஸ்கர் ஏ.வி.1 எஞ்சினின் உள்விட்டம் 80 மில்லிமீட்டர், டி.வி.1 எஞ்சினுக்கு 87.5 மில்லிமீட்டர், மெதுவாக ஓடும் பழைய லிஸ்டர் சி.எஸ். மாதிரி எஞ்சினுக்கு நாலரை அங்குலம், அதாவது 114.3 மில்லிமீட்டர். இம்மூன்றிற்கும் மூன்று ஹோன்கள் தேவைப்படும். வாங்கும்போது சிலிண்டரின் விட்டத்தைச் சொல்லியே கேட்க வேண்டும். வெளியே வைத்து அளந்தால் ஹோன் அதைவிடச் சற்றுப் பெரிதாயிருப்பது குற்றமன்று. உள்ளே நுழைந்தபின் சுவரை அழுத்துவதற்காகவே அவ்வாறு செய்யப்படுகின்றது.

மூன்றாவது, அளவு ஹோன். இதில் கற்களைத் திருகினால் விரித்து, வேண்டிய விட்டத்தில் அசையாமல் நிறுத்தலாம். சுவரில் உள்ள கோணலைத் திருத்த வல்லது இவ்வொன்றே. முன்னிரண்டும் சுவர் எவ்வாறு உள்ளதோ அவ்வாறே அதனைத் தொடர்ந்து செல்லும். முட்டை வடிவான சிலிண்டரை வட்டமாக்க மாட்டா. அளவு ஹோன் ரீபோர் செய்த பின் கடைசி அளவுக்குக் கொண்டுவருவதற்கு உரியது. அதனைத் தேர்ந்த கையாள் ஒருவரே, உரிய யந்திரத்தில், அளவெடுத்துக்கொண்டே உபயோகிக்க வேண்டும். மெருகை மட்டும் நீக்குவதற்கு அதனை எடுப்பது, நகம் வெட்டக் கோடரி எடுப்பதற்கு ஒப்பாகும்.

இவற்றை எண்ணிப் பார்க்கும்போது, அளவு எல்லைக்கு உட்பட்ட வார்ப்பிரும்புச் சிலிண்டரின் மெருகை நீக்க உருண்டை ஹோனே தக்கது என்பது தெளிவு. அது செய்யும் பிழை மிகக் குறைவு. பழக்கம் குறைந்த கையிலும் சிலிண்டர் கெடாது. தேர்ந்தவர் கையில், கற்கள் சமமாயிருக்க, மூன்றுகால் ஹோனும் நல்ல வேலை செய்யும். ஆனால் கற்கள் எப்போது மாற்றப்பட்டன என்பதைக் குடியானவர் அறிய வழியில்லாத பட்டறையில், உருண்டை ஹோனைக் கேட்டு வாங்குதலே ஜாக்கிரதையாகும்.

கரகரப்பும் வேகமும்

சாணையின் கரகரப்பு எண்ணால் குறிக்கப்படும். எண் பெருகப் பெருகத் துகள் நுண்ணிதாகும். சாதாரண வார்ப்பிரும்பு ரிங்குகளுக்கு 180 எண்ணும், குரோமியம் பூசிய ரிங்குகளுக்கு 240 எண்ணும் பொதுவாகப் பொருந்தும். வார்ப்பிரும்பைக் கீறுவதற்குச் சிலிக்கன் கார்பைடு சாணை ஏற்றது. எஞ்சினின் கைப்புத்தகம் வேறு எண் கூறினால் அதனையே கொள்ள வேண்டும்.

நல்ல ஹோனையும் கெடுப்பது வேகம். கீறல்கள் ஒன்றையொன்று ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில் வெட்ட வேண்டும். 80 மில்லிமீட்டர் சிலிண்டரில் ஹோன் நிமிஷத்திற்கு 300 சுற்றுச் சுற்றினால், அக்கோணம் வர ஒரு செகண்டில் ஏறக்குறைய ஒன்றரை முறை மேலும் கீழும் இழுக்க வேண்டும்; இது கையால் இயலும். 1,200 சுற்றாயின் ஒரு செகண்டில் ஆறு முறை இழுக்க வேண்டும். இது எவராலும் இயலாது. சுவரில் துளையிட வைத்திருக்கும் சாதாரணக் கை டிரில் இதனினும் வேகமாகச் சுற்றும். அதில் ஹோனை மாட்டினால், குறுக்குக் கீறல்களுக்குப் பதிலாகத் திருகின் மறைபோல் படுத்த வளையங்களே விழும். ஆகவே வேகத்தைக் குறைக்கும் வசதியுள்ள டிரில்லையே உபயோகிக்க வேண்டும்.

சுவருக்கு மெல்லிய எண்ணெய் தாராளமாக இட வேண்டும். ஹோன் ஓரிடத்தில் நிற்கலாகாது; சுழன்றுகொண்டிருக்கும்போதே உள்ளே விட்டு, சுழன்றுகொண்டிருக்கும்போதே வெளியே எடுக்க வேண்டும். உருண்டை ஹோனுக்கு அரை நிமிஷத்திற்குள் வேலை முடிந்துவிடும். மினுமினுப்பு மாறிச் சுவர் எங்கும் ஒரே சீரான மங்கலான சாம்பல் நிறம் தோன்றியவுடன் நிறுத்துக. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்னும் எண்ணம் கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதாகும்.

ஹோன் படலாகாத சிலிண்டர்

விசைத் தெளிப்பான், களையெடுக்கும் யந்திரம் முதலியவற்றின் சிறு எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர் அலுமினியத்தால் ஆனது. அதன் உட்சுவரில் குரோமியமோ, சிலிக்கன் கார்பைடு கலந்த நிக்கலோ மெல்லிய பூச்சாக இடப்பட்டிருக்கும். அப்பூச்சு மிகக் கடினமானது. ஆனால் மிக மெல்லியது. கல்லால் தேய்த்துப் பூச்சு விட்டுப்போனால் அடியில் உள்ள மெல்லிய அலுமினியத்தை ரிங் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும். சிலிண்டரினுள் காந்தத்தைக் காட்டிப் பார்க்க. வலுவாகப் பற்றினால் அது இரும்பு ஸ்லீவ். பற்றாவிடிலும், மிக இலேசாகப் பற்றினாலும் பூச்சிட்ட அலுமினியம் என்று கொண்டு, கைப்புத்தகம் அனுமதித்தாலன்றி எந்த ஹோனையும் இடாமல் இருப்பதே நலம். சோப்புத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நைலான் நாரும் கொண்டு படிந்த கருகலைக் கழுவினால் போதும். பூச்சு உரிந்திருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

கழுவுதலும் ஓட்டிப் பழக்குதலும்

ஹோன் செய்த வேலை பாழாவது பெரும்பாலும் கழுவாமையால்தான். சாணைத் துகள் கீறல்களுக்குள் புகுந்து நிற்கும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றினால் எண்ணெய்ப் பசை போகுமேயன்றித் துகள் போகாது. வெந்நீரும் சோப்பும் இட்டு, கெட்டியான பிரஷ்ஷால் பலமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு எண்ணெய் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரவேண்டும்; சாம்பல் நிறம் ஏறினால் மறுபடியும் கழுவுக. கழுவி முடிந்தவுடன் எண்ணெய் பூசாவிடில் நிமிஷங்களில் துரு ஏறும். லைனர் கழற்றும் அமைப்பாயின் வெளியே எடுத்தே ஹோன் செய்தல் சிறந்தது. கழற்ற இயலாத இடத்தில் கிராங்கையும் பேரிங்கையும் எண்ணெய்த் துணியால் மூடி, வேலை முடிந்தபின் அவற்றையும் கழுவ வேண்டும்.

புதிய ரிங் இட்ட எஞ்சினைச் சுமையின்றி நாள் முழுவதும் ஓடவிடுவது, நீக்கிய மெருகை மீண்டும் அழைப்பதாகும். சூடேறியவுடன் பம்பை மாட்டி, மிதமான சுமையில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்த வேண்டும். முதல் எண்ணெயைக் கைப்புத்தகம் கூறும் மணிக்கணக்கில் தவறாமல் மாற்ற வேண்டும்.

குடியானவர் செய்யத் தக்கது

ஒரு குடியானவர் சில வருஷத்திற்கு ஒரு முறை செய்யும் வேலைக்காக ஹோனும் டயல் கேஜும் வாங்குவது வீண் செலவு என்று கூறலாம். தனி ஒருவருக்கு அது மெய்யே. ஆனால் ஒரு கிராமத்தில் ஓடும் பம்பு எஞ்சின்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதிரிகளாகவே இருக்கும். அவற்றின் விட்டங்களைக் குறித்துக்கொண்டு, உழவர் உற்பத்தியாளர் குழுவோ யந்திர வாடகை நிலையமோ இரண்டு உருண்டை ஹோன்களும் ஒரு டயல் கேஜும் வாங்கி வைத்தால், ஊர் முழுவதற்கும் நெடுநாள் உதவும். அளவறிந்து வேலை செய்யும் பட்டறைக்காரருக்கும் அது துணையாகுமேயன்றிப் போட்டியாகாது. எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, ரிங் மாற்றிய நாள், மேலும் கீழும் எடுத்த அளவு, உபயோகித்த ஹோனின் எண் ஆகியவற்றை எழுதி வைத்தால், அடுத்த முறை ஊகத்திற்கு இடமிராது.

திருச்சிராப்பள்ளிக்கு இவ்விஷயத்தில் ஒரு வசதி உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து பெயர்க்கப்பட்ட ரயில்வே பட்டறை 1928 முதல் பொன்மலையில் நடைபெற்று வருகின்றது. திருவெறும்பூரில் கொதிகலன் தொழிற்சாலை 1960-களில் தோன்றியபின், அதனைச் சூழச் சிறு பட்டறைகள் பெருகின. நூற்றில் ஒரு மில்லிமீட்டரை அளந்து வேலை செய்யும் கைகளுக்கு இவ்வூரில் பஞ்சமில்லை. வாழைத் தோட்டத்து எஞ்சினும் அத்தகைய அளவுக்கு உரியதே என்று குடியானவர் கேட்காததே குறை.

ஆகவே எஞ்சின் பட்டறைக்குப் போகும்போது குடியானவர் மூன்று கேள்விகளைக் கேட்பாராக. அளவு எடுத்தாயிற்றா? சுவர் வார்ப்பிரும்பா, பூச்சிட்டதா? எந்த ஹோன், எந்த எண்? இம்மூன்றிற்கும் விடை கிடைத்தபின் சிலிண்டரில் கை வைப்பதே முறை. கோடையில் வாய்க்கால் வறண்டு, குலை தள்ளிய வாழை தண்ணீருக்கு ஏங்கி நிற்கும் நாளில், முதல் சுழற்றிலேயே எஞ்சின் பற்றிக்கொள்வது இந்தச் சிறு ஜாக்கிரதையின் பயனாக இருக்கும்.